மத்தியதரைக்கடல் காலநிலைத் தாவரவியல் பூங்கா: நிலம் தேர்வதிலிருந்து பதிவேடு வரை

உலகின் பெரும்பாலான இடங்களில் வெப்பமும் மழையும் ஏறக்குறைய ஒரே பருவத்தில் வரும். செடி வளர்வதும் அப்போதுதான். மத்தியதரைக்கடல் காலநிலை இதற்கு நேர்மாறு. மழை குளிர்காலத்தில் பெய்யும். கோடை முழுக்க வறட்சி. இப்படிப்பட்ட ஒழுங்கு ஐந்து இடங்களில்தான் பெரிய அளவில் அமைந்திருக்கிறது: மத்தியதரைக்கடலைச் சுற்றிய நாடுகள், கலிஃபோர்னியா, நடு சிலி, தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதி, ஆஸ்திரேலியாவின் தென்மேற்கும் தெற்கும். ஐந்தையும் சேர்த்தாலும் உலக நிலப்பரப்பில் 2 சதவீதத்தைச் சற்றே தாண்டும். ஆனால் கலன் தாவர (உடலுக்குள் நீர் கடத்தும் குழாய்கள் கொண்ட தாவர) இனங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று இங்கேதான் இருக்கிறது. கேப் பகுதியில் மட்டும் சுமார் 9,000 இனங்கள். அவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வேறெங்கும் கிடையாது.

இந்தச் செடிகளுக்காக ஒரு பூங்கா அமைக்க நினைப்பவர் முதல் நாளே மனதில் பதித்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பூங்காவில் இவை கோடையில் காய்ந்து சாவதைவிட, கோடையில் யாரோ அன்போடு ஊற்றிய தண்ணீரால் சாவதே அதிகம். கோடை இவற்றுக்கு ஓய்வுக்காலம். சூடேறிய மண்ணில் ஈரம் தங்கினால் வேரழுகல் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். நிலத்தின் சரிவு, மேடு கட்டும் உயரம், நடும் மாதம், குழாய் போடும் விதம் என்று கீழே வரும் படிகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு காரணத்திலிருந்து பிறந்தவைதான்.

1. இடம் தகுமா என்று பார்ப்பது

பத்து வருட மழைக் கணக்கை மாதவாரியாக எடுத்துப் பாருங்கள். ஆண்டு மழையில் மூன்றில் இரண்டு பங்காவது குளிர்கால ஆறு மாதங்களில் பெய்ய வேண்டும். ஆண்டு மொத்தம் 275 முதல் 900 மில்லிமீட்டருக்குள் இருந்தால் வசதி. அதைவிடக் கூடுதலாகப் பெய்தாலும் நல்ல வடிகால் இருந்தால் சமாளிக்கலாம். கோடை மழையைத்தான் சமாளிக்க முடியாது. கோடையில் கொட்டும் ஊர் என்றால், வெட்டவெளிப் பூங்கா என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, கூரை மட்டும் மூடி பக்கங்கள் திறந்த கண்ணாடிக்கூடம் பற்றி யோசிப்பது நல்லது. இங்கிலாந்தின் கார்ன்வாலில் 2001-ல் திறந்த ஈடன் ப்ராஜெக்டில் மத்தியதரைக்கடல் காலநிலைக்கென்றே தனியாக ஒரு பெரிய கூடாரம் இருக்கிறது. அளவில் சிறியதாக யார் வேண்டுமானாலும் அதைச் செய்யலாம்.

அடுத்தது உறைபனி. குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் போலவே பள்ளத்தில் போய்த் தேங்கும். ஒரே நிலத்தின் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் விடியற்காலையில் சில டிகிரி வித்தியாசம் இருக்கும். ஒலிவ மரம் மைனஸ் 7 டிகிரி வரை பெரிதாக அலட்டிக்கொள்ளாது. கேப் பகுதியின் பல லியூகோஸ்பெர்மம் செடிகள் அதற்கு வெகு முன்பே கருகிவிடும். ஆகவே நிலத்தில் ஐந்தாறு இடங்களில் குறைந்தபட்ச வெப்பமானி வைத்து ஒரு குளிர்காலம் முழுக்கக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் போகிறதே என்று தோன்றும், போகட்டும். அந்த வருடத்தில் செய்ய மண் வேலை நிறைய இருக்கிறது.

மென்மையான சரிவுள்ள, பூமத்தியரேகைப் பக்கம் பார்த்த நிலம்தான் சிறந்தது. நீரும் குளிர்காற்றும் இரண்டுமே வழிந்து போய்விடும். வட கோளத்தில் அது தெற்குச் சரிவு, தென் கோளத்தில் வடக்குச் சரிவு.

2. எதைச் சேர்ப்பது, எதைச் சேர்க்காமல் விடுவது

ஐந்து பகுதிகளின் செடிகளையும் கொண்டுவந்துவிடலாம் என்ற ஆசை எல்லாருக்கும் வரும். சிறிய பூங்காவுக்கு இது ஆபத்து. பகுதிக்கு முப்பது செடி என்று நட்டால் எதைப் பற்றியும் ஆழமாக எதுவும் சொல்லாத பூங்காதான் கிடைக்கும். என் கருத்தில், இரண்டு ஹெக்டேருக்குக் குறைவான நிலம் என்றால் இரண்டு பகுதிகளை எடுத்துக்கொண்டு ஒப்பிட்டுக் காட்டுவது மேல். கலிஃபோர்னியாவும் சிலியும் நல்ல ஜோடி. ஒரே அகலாங்கில், பூமத்தியரேகைக்கு இருபுறமும், இரண்டுக்கும் குளிர்ந்த கடல் நீரோட்டம் பக்கத்தில். தாவரக் குடும்பங்கள் வேறு, ஆனால் இலைகள் ஒன்றுபோல் தடித்து, சிறுத்து, மெழுகு பூசியிருக்கும். ஒரே சிக்கலுக்கு இரண்டு கண்டங்கள் தனித்தனியாகக் கண்ட ஒரே விடை. பார்வையாளர் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

எதைச் சேர்க்கிறோம், ஏன் சேர்க்கிறோம், எதை மறுப்போம் என்பதை இரண்டு பக்கத்தில் எழுதி வையுங்கள். இதைத் தொகுப்புக் கொள்கை என்பார்கள். யாராவது ஆசையோடு ஒரு ரோஜாவையோ பனையையோ நன்கொடையாகக் கொண்டுவந்து நிற்கும்போது, மரியாதையாக மறுக்க அந்த இரண்டு பக்கம்தான் துணை.

3. மண்ணும் வடிகாலும்

பணத்தில் பெரும்பகுதியை இங்கேதான் செலவிட வேண்டும். செடி செத்தால் மாற்றிவிடலாம். நட்ட பிறகு அதன் அடியில் இருக்கும் மண்ணை மாற்ற முடியாது.

முதலில் ஒரு சோதனை. 30 செ.மீ. ஆழத்தில் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பி முழுவதும் வடிய விடுங்கள். மறுபடி நிரப்பி, மணிக்கு எத்தனை செ.மீ. இறங்குகிறது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். 2.5 செ.மீ.க்குக் குறைவாக இறங்கினால் தரைமட்டத்தில் நடக் கூடாது. இந்தச் சோதனையை நிலத்தின் பல இடங்களில், அதுவும் மழைக்காலத்தில் மண் ஊறியிருக்கும்போது செய்யுங்கள். கோடையில் வெடித்துக் கிடக்கும் களிமண் தண்ணீரை மடமடவென்று குடித்து நம்மை ஏமாற்றிவிடும்.

வடிகால் மோசம் என்றால் பள்ளம் தோண்டி நல்ல மண் நிரப்பலாம் என்று தோன்றும். அது வேண்டாம். களிமண்ணுக்கு நடுவே மணல் நிரப்பிய குழி தொட்டியாகத்தான் வேலை செய்யும். சுற்றியுள்ள தண்ணீரெல்லாம் அதற்குள் வந்து நிற்கும். கீழே போகாமல் மேலே போக வேண்டும். 30 முதல் 60 செ.மீ. உயரத்துக்கு மேடு கட்டி, மேட்டின் மேல் நடுங்கள். மேடுகளுக்கு இடையே வாய்க்கால் வெட்டி, சரிவின் கீழ்முனையில் ஒரு குட்டைக்குக் கொண்டுபோய் விட்டால், அந்தக் குட்டையே முதல் இரண்டு கோடைகளுக்கான நீர் சேமிப்பாகும். பெரிய மேடுகளை ஒரு குளிர்காலம் மழையில் நனைந்து படிய விட்டு, அதற்குப் பிறகு நடவு செய்வது நல்லது.

அடுத்தது மண்ணின் வேதியியல். மத்தியதரைக்கடல் கரைச் செடிகள் பலவும் சுண்ணாம்புப் பாறை மேல் வளர்பவை; மண்ணின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7.5, 8 என்றாலும் கவலைப்படாது. கேப் பகுதியின் ஃபின்போஸ் புதர்க்காட்டுச் செடிகளுக்கோ பெரும்பாலும் அமில மணல் வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவின் குவாங்கன் புதர்வெளி உலகின் மிகப் பழைய, மிகச் சத்துக்குறைந்த மண்களில் ஒன்றின் மேல் நிற்கிறது. அங்கே வளரும் பேங்க்ஸியா, ஹேக்கியா, கேப் பகுதியின் புரோட்டியா எல்லாம் ஒரே குடும்பம். மண்ணில் மிகக் குறைவாக இருக்கும் மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, கறந்தெடுக்க இவை பிரஷ் போன்ற அடர்ந்த கொத்துவேர்களை வளர்க்கும். பிரச்சினை என்னவென்றால், சத்து மிகுதியாகக் கிடைக்கும் மண்ணில் இந்தக் குடும்பத்தின் பல இனங்களுக்கு உறிஞ்சுவதைக் குறைக்கத் தெரியாது. மணிச்சத்து இலையில் சேர்ந்து, இலை மஞ்சளாகி, ஓரம் கருகி, செடியே போய்விடும். தொழு உரமோ எலும்புத்தூளோ சாதாரணத் தோட்ட உரமோ போட்ட நிலத்தில் புரோட்டியா நடுவது வீண் வேலை. முன்பு பயிர் செய்த நிலம் என்றால், மண்ணின் மணிச்சத்து அளவைப் பரிசோதனைக்கூடத்தில் கேட்டு வாங்காமல் இந்தக் குடும்பத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

4. வரைபடம் போடுவது

தாவரவியல் பூங்காக்கள் பாத்திகளைப் பல விதமாக அடுக்கியிருக்கின்றன. இத்தாலியின் பாதுவாவில் 1545-ல் தொடங்கிய பூங்கா மூலிகைகளுக்கானது. பிற்காலப் பூங்காக்கள் பல, குடும்பம் குடும்பமாக வரிசைப்படுத்தின. பார்சிலோனாவின் மொன்ட்ஜுயிக் குன்றில் 1999-ல் திறந்த பூங்கா, மத்தியதரைக்கடல் காலநிலைப் பகுதிகளைப் புவியியல் அடிப்படையில் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்குள்ளும் சேர்ந்து வாழும் செடிகளைச் சேர்த்தே நட்டிருக்கிறது. இந்தக் காலநிலைக்கு இந்த முறைதான் பொருத்தம் என்று நினைக்கிறேன். சேர்ந்து வாழும் செடிகளுக்குத் தண்ணீர்த் தேவையும் மண் தேவையும் ஒன்றாக இருக்கும் என்பதால் பராமரிப்பும் எளிது.

பகுதிகளை எங்கே வைப்பது என்பதற்கு ஒரு விதி: கேப்பும் ஆஸ்திரேலியாவும் சரிவின் மேல்முனையில். காரணம் இரண்டு. மேலே உள்ள பாத்திகளுக்குப் போட்ட உரம் மழையில் கரைந்து கீழே வரும். மணிச்சத்து ஆகாத செடிகள் கீழே இருந்தால் மாட்டிக்கொள்ளும். வேரழுகல் கிருமியின் வித்துகளும் ஓடும் தண்ணீரில் நீந்தித்தான் பரவும். ஆகவே நோய்க்கு எளிதில் இரையாகும் செடிகளுக்கு மேலே வேறு எதுவும் இருக்கக் கூடாது. சுண்ணாம்பு மண் கிடைக்கும் மூலையை மத்தியதரைக்கடல் கரைக்கு ஒதுக்குங்கள். சிலியின் ஈர விருப்பமுள்ள மரங்களுக்கு வாய்க்கால் ஓரம்.

முக்கியப் பாதைகள் 20-க்கு 1 சரிவைத் தாண்டாமல் இருந்தால் சக்கர நாற்காலியும் போகும், கைவண்டியும் போகும். கட்டடத்தை ஒட்டிய முதல் ஒன்றரை மீட்டரில் சரளைக்கல் மட்டும். ஏன் என்பது கடைசிப் படியில்.

5. செடித் தேர்வு

எலும்புக்கூடு முதலில். மெதுவாக வளர்ந்து நூறு வருடம் நிற்கும் மரங்களின் இடங்களை முடிவுசெய்த பிறகுதான் மற்றவை.

மத்தியதரைக்கடல் கரைக்குக் கார்க் ஓக், ஒலிவ மரம், குடைபோல் விரியும் கல் பைன், காரப் மரம், ஸ்ட்ராபெரி மரம். கார்க் ஓக்கின் பட்டையை ஒன்பது வருடத்துக்கு ஒருமுறைதான் உரிக்கலாம்; உரித்த மரம் ஒன்றையும் உரிக்காத மரம் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விளக்கப் பலகையே தேவைப்படாது. அடியில் சிஸ்டஸ், லாவெண்டர், ரோஸ்மேரி, ஃப்ளோமிஸ், மிர்ட்டில்.

கலிஃபோர்னியாவுக்குக் கரையோர ஓக், தோயான், சிவந்த வழவழப்பான தண்டுடைய மான்சனீட்டா, நீலப் பூக்களின் சியனோத்தஸ். சியனோத்தஸ் காற்றின் தழைச்சத்தை வேரிலுள்ள நுண்ணுயிர் மூலம் தானே சேர்த்துக்கொள்ளும், உரம் கேட்காது. ஃப்ரீமான்டோடெண்ட்ரான் மஞ்சள் பூக்களால் மயக்கும். வேர் பிடித்த பிறகு கோடையில் தண்ணீர் காட்டினால் போச்சு.

சிலிக்குக் கில்லாயா என்ற சோப்பு மரம் (இதன் பட்டையிலிருந்து எடுக்கும் பொருள் இன்று சில தடுப்பூசிகளில் சேர்கிறது), போல்டோ, பூயா, யூபியா பனை. யூபியா தண்டு விடவே பல வருடம் எடுக்கும். அதை நடுபவர் தன் பேரப்பிள்ளைகளுக்காகத்தான் நடுகிறார். லித்ரேயா மரத்தைத் தொட்டாலே பலருக்குத் தோல் கொப்பளிக்கும். வைப்பதென்றால் பாதையிலிருந்து தள்ளி வையுங்கள், கவாத்து செய்பவருக்குக் கையுறை கொடுங்கள்.

கேப்புக்குப் புரோட்டியா, லியூகாடெண்ட்ரான், எரிக்கா, நாணல்போல் நிற்கும் ரெஸ்டியோ, பெலர்கோனியம். கிழங்குச் செடிகளில் கேப்பை மிஞ்ச ஆளில்லை: ஃப்ரீசியா, கிளாடியோலஸ், வாட்சோனியா. ஆஸ்திரேலியாவுக்குப் பேங்க்ஸியா, கிரெவில்லியா, புல்மரம், கங்காருப்பாதம், யூகலிப்டஸ். யூகலிப்டஸில் பெரிய காட்டு மரங்களை விட்டுவிட்டு, அடியிலிருந்தே பல தண்டு விடும் மல்லீ வகைகளை எடுங்கள்.

6. செடியும் விதையும் எங்கிருந்து

தாவரவியல் பூங்காவையும் அழகுத் தோட்டத்தையும் பிரிப்பது இந்தப் படிதான். நர்சரியில் வாங்கிய செடி பெரும்பாலும் கலப்பினமாகவோ ஒரே தாயின் நகலாகவோ இருக்கும். எந்த மலையிலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. காட்சிக்கு அது போதும். ஆராய்ச்சிக்கும் பாதுகாப்புக்கும் காட்டிலிருந்து எடுத்த, இடம் தெரிந்த விதை வேண்டும்.

சட்டம் மூன்று அடுக்கு. 1975 முதல் நடைமுறையில் உள்ள சைட்டிஸ் ஒப்பந்தம் ஆர்க்கிட், சைக்காட், சைக்ளமென், பெரும்பாலான கற்றாழை வகைகள் போன்றவற்றின் எல்லை தாண்டிய போக்குவரத்தைக் கட்டுப்படுத்துகிறது. 2014-ல் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறையின்படி, மரபு வளம் எந்த நாட்டுடையதோ அந்த நாட்டின் ஒப்புதலும் பலன் பகிர்வும் வேண்டியிருக்கும். மூன்றாவது, உங்கள் நாட்டின் தாவரத் தடைக்காப்பு விதிகள். மூன்றுக்குமான தாள்கள் கையில் வந்த பிறகுதான் விதை வர வேண்டும். பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்தச் செடி கடைசிவரை அனாதைதான்.

காட்டில் சேகரிக்கும்போது, ஓரிடத்தில் பழுத்திருக்கும் விதைகளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. ஒரே செடியில் பை நிறைய எடுப்பதைவிடப் பல செடிகளில் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள்.

பூங்காக்களுக்குள் விதைப் பட்டியல் பரிமாறிக்கொள்ளும் வழக்கம் பழையது, நல்லது. ஆனால் சிஸ்டஸ், சியனோத்தஸ், மான்சனீட்டா, லியூகாடெண்ட்ரான் போன்றவை பக்கத்துப் பாத்தி இனத்தோடு தாராளமாகக் கலந்துவிடும். இன்னொரு பூங்காவில் திறந்தவெளியில் காய்த்த விதை என்றால், உறையில் எழுதியிருக்கும் பெயரை நம்பி நடாதீர்கள். தண்டுக்குச்சி கேளுங்கள், அல்லது காட்டு விதையைத் தேடுங்கள்.

வந்த செடி எதுவாக இருந்தாலும் தனிமைக்கூடத்தில் சில மாதம். 2013-ல் இத்தாலியின் புல்யா பகுதி ஒலிவ மரங்களில் கண்டறியப்பட்ட சைலெல்லா பாக்டீரியா லட்சக்கணக்கான மரங்களை வறள வைத்தது. லாவெண்டர், ரோஸ்மேரி, பாலிகாலா போன்ற சாதாரண அலங்காரச் செடிகளிலும் அது குடியிருக்கும்.

7. விதையை எழுப்புவது

இந்தச் செடிகளில் பல, காட்டுத்தீக்குப் பிறகு முளைப்பவை. தீ வந்து போனால் இடம் காலி, வெளிச்சம் நிறைய, சாம்பல் சத்தும் உண்டு. அதற்காக விதை பல வருடம் மண்ணில் காத்திருக்கும். நாம் அதற்குத் தீ வந்துவிட்டது என்று நம்ப வைக்க வேண்டும்.

தீயின் எந்த அம்சத்துக்கு விதை பதில் சொல்கிறது என்பது இனத்துக்கு இனம் மாறும். சியனோத்தஸ், சிஸ்டஸ் போன்ற கெட்டித்தோல் விதைகளுக்குச் சூடு போதும்: கொதிக்க வைத்து இறக்கிய தண்ணீரை ஊற்றி, இரவு முழுக்க அதிலேயே ஆற விட்டு விதைக்கலாம். மலைப்பகுதிச் சியனோத்தஸ்களுக்கு இதன்பிறகு இரண்டு மூன்று மாதம் ஈரமான குளிரும் வேண்டும். பேங்க்ஸியாவின் பல இனங்கள் விதையை மரக்கட்டை போன்ற கூம்புக்குள் பூட்டி வைத்திருக்கும். கூம்பை அடுப்பில் சூடாக்கினால் வாய் திறக்கும்.

ஃபின்போஸ் செடிகள் பலவற்றுக்குச் சூடு பத்தாது, புகை வேண்டும். இதை முதலில் காட்டியது தென்னாப்பிரிக்காவில் 1990-ல் வெளியான ஆய்வு. புகையில் எந்தப் பொருள் விதையை எழுப்புகிறது என்பதை 2004-ல் மேற்கு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தார்கள். கேரிக்கினோலைடு என்று பெயர். மிகக் குறைந்த அளவே போதும். செய்முறை எளிது. ஒரு பீப்பாயில் காய்ந்த இலையும் பச்சை இலையும் கலந்து புகைய விடுங்கள். நீளமான குழாய் வழியாகப் புகையை ஆற வைத்து, விதைத்த தட்டுகள் உள்ள கூடாரத்துக்குள் ஒரு மணி நேரம் செலுத்துங்கள். சூடான புகை விதையை அவித்துவிடும், கவனம். அதற்குப் பிறகு சில நாட்கள் பூவாளியால் மென்மையாக மட்டும் தெளியுங்கள். வேகமாக ஊற்றினால் புகையின் சத்து கழுவிப் போய்விடும். கூடாரம் வேண்டாம் என்றால் புகையைத் தண்ணீரில் கரைத்து வைத்து, விதையை அதில் ஒரு நாள் ஊற வைக்கலாம்.

சிலிக்கு இந்த வித்தைகள் அவ்வளவாகத் தேவைப்படாது. ஆண்டிஸ் மலை கோடை இடிமழையைத் தடுப்பதால் அங்கே மின்னல் தீ அரிது. செடிகள் தீயோடு சேர்ந்து வளர்ந்தவை அல்ல. ஓக் கொட்டைகளைச் சேமிக்கவே முடியாது, காய்ந்தால் செத்துவிடும். பொறுக்கிய வாரமே விதையுங்கள்.

எதுவாக இருந்தாலும் விதைப்பு இலையுதிர்காலத்தில், இரவு குளிரத் தொடங்கும்போது. மறு கோளத்திலிருந்து வந்த விதைக்குப் பருவக் குழப்பம் கிடையாது, இங்கே குளிர் வந்ததும் முளைக்கும். கிழங்குகள்தான் தடுமாறும். உறக்கத்தில் இருக்கும்போது வரவழைத்து, உங்கள் இலையுதிர்காலம் வரும்வரை உலர்வாக வைத்திருந்து நடுங்கள். ஒன்றிரண்டு வருடத்தில் சரியாகிவிடும்.

8. நடவு

முதல் நல்ல மழை மண்ணை நனைத்த வாரத்திலேயே தொடங்குங்கள். மேலே குளிர்ந்தாலும் மண்ணில் இன்னும் வெதுவெதுப்பு இருக்கும். வேர் குளிர்காலம் முழுக்க ஓசையில்லாமல் இறங்கும். கோடை வரும்போது செடி சிறியதாகத் தெரியும், ஆனால் வேர் ஆழத்தில் இருக்கும். வசந்தத்தில் நட்ட செடிக்கு இந்த ஆறு மாதம் கிடைப்பதில்லை. நர்சரிகள் பூத்த செடியை வசந்தத்தில் விற்பது அவர்கள் வியாபார வசதிக்கு.

பெரிய செடி வாங்காதீர்கள். ஒரு லிட்டர் தொட்டியில், வேர் சுருளாத இளஞ்செடி மூன்று நான்கு வருடத்தில் இருபது லிட்டர்ச் செடியைத் தாண்டிவிடும். குழி அகலமாக, ஆழம் வேர்க்கட்டி அளவுக்கு மட்டும். குழிக்குள் உரமோ மட்கோ வேண்டாம், தோண்டிய மண்ணையே போடுங்கள். தண்டின் கழுத்து சுற்று மண்ணைவிட இரண்டு மூன்று செ.மீ. மேலே நிற்க வேண்டும். நட்டதும் ஒருமுறை நன்றாகத் தண்ணீர் விட்டு, 5 முதல் 8 செ.மீ. சரளைக்கல் மூடாக்குப் போடுங்கள். மரச்சீவல் மூடாக்கு ஓக் அடியில் நல்லது. லாவெண்டர், புரோட்டியா கழுத்தை ஒட்டி அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

புரோட்டியா குடும்பத்தின் வேரைக் கலைக்கவே கூடாது. தொட்டியிலிருந்து எடுத்தது போலவே இறக்குங்கள்.

முதல் சில வருடம் பூங்கா மொட்டையாகத் தெரியும். பார்வையாளரும் நிர்வாகக் குழுவும் முணுமுணுப்பார்கள். நெருக்கி நடுவதற்குப் பதில், சிஸ்டஸ் போன்ற சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் போகும் செடிகளால் இடைவெளியை நிரப்புங்கள்.

9. தண்ணீர்

முதல் கோடையில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஆழமாக. செடியைச் சுற்றி வட்ட வரப்புக் கட்டி, இளஞ்செடிக்குப் பத்துப் பதினைந்து லிட்டர் ஊற்றினால் அரை மீட்டர் ஆழம் வரை நனையும். நேரம் விடியற்காலை, மண் குளிர்ந்திருக்கும்போது. இரண்டாவது கோடையில் இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள். மூன்றாவது கோடையில் பெரும்பாலானவற்றுக்கு நிறுத்திவிடலாம். தினமும் கொஞ்சம் கொஞ்சம் என்பதுதான் மிக மோசமான முறை. வேர் மேலேயே நின்றுவிடும், கழுத்து எப்போதும் ஈரமாக இருக்கும்.

சொட்டுநீர்க் குழாய் போட்டால் சொட்டும் இடம் தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி இருக்க வேண்டும். மூன்று வருடம் கழித்துக் குழாயைக் கழற்றி அடுத்த பாத்திக்குக் கொண்டுபோக வசதியாக, மண்ணுக்கு மேலேயே ஓடட்டும். குழாய் அங்கேயே இருந்தால் யாராவது ஒருவர் கோடையில் திறந்துவிடுவார்.

உண்மையில் கடினமான நேரம் குளிர்காலம்தான். மழை பொய்த்த குளிர்காலத்தில் செடிக்கு வளரும் காலமே வறண்டுபோகிறது. இப்போது இந்தப் பகுதிகள் பலவற்றிலும் குளிர்கால மழை குறைந்து வருகிறது. அப்போது தயங்காமல் தண்ணீர் விடுங்கள், கோடையில் மிச்சம் பிடித்தது அதற்காகத்தான்.

10. கவாத்தும் நோயும்

லாவெண்டர், சிஸ்டஸ், ரோஸ்மேரி எல்லாவற்றையும் வருடா வருடம் பூ முடிந்ததும் பச்சைத் தண்டு வரை வெட்டுங்கள். இலையில்லாத பழைய கட்டைக்குள் வெட்டினால் பெரும்பாலும் துளிர்க்காது. மல்லீ யூகலிப்டஸும் ஸ்ட்ராபெரி மரமும் அடித்தண்டில் தடித்த கட்டைக்கிழங்கு உடையவை. தரையோடு வெட்டினாலும் திரும்ப வரும்.

பயப்பட வேண்டிய நோய் ஃபைட்டாப்தோரா சின்னமோமி. மேற்கு ஆஸ்திரேலியாவில் காடு காடாக அழித்த வேரழுகல் இதுதான். பூஞ்சை போலிருக்கும், பூஞ்சை அல்ல. வெதுவெதுப்பான ஈர மண்ணில் நீந்தி வரும், செருப்பு மண்ணிலும் வண்டிச் சக்கரத்திலும் ஒட்டிப் பயணம் செய்யும். மண்ணில் புகுந்தால் முழுதாக விரட்டும் வழி இல்லை. மரத்தில் ஃபாஸ்ஃபைட் ஊசி போட்டுத் தாக்குதலைத் தணிக்கலாம், அவ்வளவுதான். ஆகவே கேப், ஆஸ்திரேலியப் பாத்திகளின் நுழைவில் காலணி கழுவும் தொட்டி வையுங்கள். பணிக்கருவிகளைப் பகுதிக்குப் பகுதி தனியாக வையுங்கள். வெளியிலிருந்து இலவசமாக வரும் மண்ணையும் மட்கையும் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

11. பதிவேடு

செடி உள்ளே வந்த நாளே ஒரு எண். வருடமும் வரிசையும் சேர்ந்தது, 2025-0147 என்பது போல. ஒரே விதைக்கட்டிலிருந்து ஐந்து செடி வந்தால் எண்ணுக்குப் பின்னால் அ, ஆ, இ. செடி செத்தாலும் அந்த எண்ணை இன்னொன்றுக்குக் கொடுக்கக் கூடாது. எண்ணுக்கு எதிரே பெயர், யார் கொடுத்தது, எங்கே எடுத்தது, உயரம், மண், காட்டு விதையா காட்டு விதையின் வழிவந்ததா தோட்ட விதையா தெரியாததா, ஒப்புதல் தாளின் எண், நட்ட இடம். பிறகு பூத்த நாள், காய்த்த நாள், செத்த நாள், செத்த காரணம்.

செத்த காரணத்தை எழுத எல்லாருக்கும் கை வராது. ஆனால் பத்து வருடம் கழித்துப் பூங்காவின் மிகப் பயனுள்ள பக்கங்கள் அவைதான். எந்தப் பாத்தியில் எந்த மாதம் எது போனது என்று பார்த்தால் வடிகால் எங்கே அடைத்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

பெயர்ப்பலகையைக் குறும்பர்கள் பிடுங்குவார்கள், பறவை எடுத்துப்போகும். ஆகவே கண்ணுக்குத் தெரியும் பலகையோடு, செடியிலேயே எண் பொறித்த சிறு உலோகத் தகடு ஒன்றைத் தளர்வாகக் கட்டி வையுங்கள். காட்டு விதையிலிருந்து வந்த ஒவ்வொன்றிலும் பூத்த கிளை ஒன்றை உலர்த்தி ஒட்டி உலர்தாவரத் தொகுப்பில் வைத்தால், பின்னாளில் பெயர் மாறினாலும் சரிபார்க்க ஆதாரம் இருக்கும். 1987-ல் தொடங்கிய உலகத் தாவரவியல் பூங்காக்களின் கூட்டமைப்பு பூங்காக்களின் செடிப் பட்டியல்களைத் திரட்டுகிறது. உங்கள் பட்டியலையும் அனுப்புங்கள். அருகிவரும் இனம் ஒன்று உலகில் உங்களிடமும் இன்னொருவரிடமும்தான் இருக்கிறது என்பது அப்படித்தான் தெரியவரும்.

12. தீயும் களையும்

எண்ணெய்ப் பசையுள்ள இலைகளின் தோட்டம் கோடையில் எளிதில் பற்றும். கலிஃபோர்னியாவில் தீ அபாயப் பகுதிக் கட்டடங்களைச் சுற்றி 30 மீட்டர் வரை காய்ந்த புதர் இல்லாமல் வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. சுவரை ஒட்டிச் சரளைக்கல், அதற்கு அப்பால் தாழ்ந்த, இடைவெளிவிட்ட செடிகள், யூகலிப்டஸும் பைனும் தூரத்தில். மரத்தின் கீழ்க்கிளைகளை நீக்கினால் புதர்த்தீ மேலே ஏறாது. தீயணைப்பு வண்டி உள்ளே வந்து திரும்பும் அகலத்தில் ஒரு பாதையாவது இருக்கட்டும்.

ஐந்து பகுதிகளும் ஒன்றுக்கொன்று செய்துகொண்ட தீங்கும் சிறியதல்ல. ஆஸ்திரேலிய அக்கேசியாக்களும் ஹேக்கியாக்களும் கேப் மலைகளை மூடின. கேப்பின் மஞ்சள் ஆக்சாலிஸ் மத்தியதரைக்கடல் கரையெங்கும் பரவியது. கேப்பிலிருந்து வந்த கார்ப்போப்ரோட்டஸ் என்ற படரும் செடி கலிஃபோர்னியாவின் கடற்கரை மணலை விழுங்கியது. கலிஃபோர்னியப் பாப்பி சிலியின் சாலையோரங்களை எடுத்துக்கொண்டது. ஆகவே புதிய இனத்தைச் சேர்க்கும் முன், அது வேறெங்காவது களையாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆகியிருந்தால் நடாதீர்கள், அழகு எவ்வளவு இருந்தாலும். நட்ட பிறகு வேலியோரமாக வருடத்துக்கு இரண்டு முறை நடந்து, தானாக முளைத்ததைப் பிடுங்கி, எந்த எண்ணின் வாரிசு என்று பதிவேட்டில் எழுதுங்கள். ஒரே எண் மூன்று வருடம் தொடர்ந்து வந்தால் அந்தச் செடியை நீக்கிவிடலாம்.

சியனோத்தஸ், லாவெண்டர், லியூகோஸ்பெர்மம் போன்றவை நீண்ட ஆயுள் உடையவை அல்ல. இவற்றில் பல, பத்துப் பதினைந்து வருடத்தில் கட்டைதட்டிவிடும். நட்டு எட்டு வருடம் ஆனவற்றின் பட்டியலைக் கோடை முடிவில் பதிவேட்டிலிருந்து எடுத்து, முதல் மழைக்கு முன் ஒவ்வொன்றிலும் பத்துத் தண்டுக்குச்சி நாற்றங்காலில் வைத்துவிடுங்கள். வேர் பிடித்ததில் பாதி உங்களுக்கு, மீதி இதே இனம் இல்லாத வேறு பூங்காவுக்கு, ஒப்புதல் தாளின் நகலோடு.